ஒரு முழம் பூசாத சுவர்

ஆலடிப்பேட்டை மெயின் ரோட்டில் தபால் ஆபீசைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் நின்ற மாடிக் கட்டிடத்துக்குப் பத்திரத்தில் ஆறுமுகப்பெருமாள் பில்டிங் என்று பெயர் இருந்தாலும், அந்தப் பெயரைச் சொல்லி வழி கேட்டால் ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது, கொறக்கட்டடம் என்று கேட்டால் கைக்குழந்தைகூட விரலை நீட்டும், ஏனென்றால் கட்டிய நாள் முதல் அதன் நெற்றியில், தெருவைப் பார்த்த சுவரின் வலது மேல் மூலையில், ஒரு முழ அகலத்துக்குப் பூச்சு இல்லாமல் செங்கல் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. டவுன் பஸ் கண்டக்டர்கள் அங்கே வந்ததும், "கொறக்கட்டடம் எறங்கு" என்று கத்துவார்கள்.

ஆறுமுகப்பெருமாள் 1936-ல் வத்தல் கமிஷன் மண்டி வைப்பதற்காக அதைக் கட்டினபோது, கடைசிச் சட்டிச் சாந்தோடு ஏணியில் நின்ற கொத்தனாரைக் கீழே இறங்கச் சொல்லி, "அந்த ஒரு மொழத்த விட்டுரும். முழுசா முடிச்ச கட்டடத்துக்கு, இனி நமக்கு இங்க என்ன சோலின்னு தோணிப்போவும்" என்றாராம். அவர் மகன் வேலாயுதம் ஐம்பத்தெட்டில் மாடி எடுத்தபோது கீழே இருந்த குறையைப் பூசி மேலே ஒரு முழத்தை விட்டார், எழுபத்துநாலில் மொசைக் போட்டபோதும் பிறகு அதன் மேல் டைல்ஸ் ஒட்டினபோதும் தொண்ணூற்றொன்பதில் ஷட்டர் மாட்டினபோதும் அந்த முழத்தை யாரும் தொடவில்லை, அதோடு இன்னொரு வழக்கமும் அந்தக் குடும்பத்தில் ஊறிப்போனது: கட்டிட வேலை முடிந்ததா என்று யார் கேட்டாலும், வீட்டை விட்டுக் கிளம்புகிறவர் போறேன் என்று சொல்லாமல் போயிட்டு வாரேன் என்று சொல்கிற மாதிரி, "இன்னும் வேலை கெடக்கு" என்றுதான் பதில் வரும். எண்பது வருஷத்துக்கு மேல் அந்தக் குடும்பத்து வாயிலிருந்து வேறு பதில் வந்ததில்லை.

வேலாயுதத்தின் மூத்த மகள் செண்பகவல்லி, முப்பது வயதில் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு ஊர் திரும்பியபோது, அப்பா மண்டியின் கிழக்குப் பக்கத்தில் பத்தடியை அடைத்துக் கொடுத்தார், அவள் அதில் நூல்கண்டு, பட்டன், ஜிப், லைனிங் துணி என்று தையல் சாமான் கடை போட்டாள், இருபத்துநாலு வருஷமாக அதே முக்காலியில் உட்கார்ந்திருக்கிறாள். மற்ற இடங்களில் அவள் இன்னாருடைய மகள், இன்னாருடைய பெண்டாட்டியாக இருந்தவள், பாவம். அந்தப் பத்தடிக்குள் மட்டும்தான் செண்பகக்கா. மெரூன் கலரில் எத்தனை மெரூன் உண்டு என்று கேட்டு வருகிற டெய்லர்கள் அவள் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள், அது அவளுக்குப் பிடித்திருந்தது, அதை விட்டுக் கொடுக்க அவளுக்கு மனசு இல்லை.

தம்பி குற்றாலிங்கத்துக்குக் கோயம்புத்தூரில் வாட்டர் பியூரிபையர் கம்பெனியில் வேலை. நல்லவன்தான், ஆனால் எதையும் முடித்துவிட்டுத்தான் மூச்சு விடுவான், சின்ன வயசில் சாப்பாட்டு இலையில் ஒரு பருக்கை மிச்சம் வைக்கமாட்டான், கதை சொன்னால் கடைசியில் என்ன ஆச்சு என்று முதலிலேயே கேட்பான். அப்பாவின் பதினாறாம் நாள் விசேஷத்தில், ஜவுளி ஷோரூம்காரர்கள் இடத்தைக் கேட்கிறார்கள் என்று அவன் பேச்சை எடுத்தபோது, சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் செண்பகவல்லி சொன்னாள், "ஏல லிங்கம், அந்தக் கட்டடம் நிக்கிற வரைக்கும் எங்கிட்ட இந்தப் பேச்சக் கொண்டு வராத. அது இல்லன்னு ஆயிட்டா, நீ நீட்டுற எடத்துல நான் கையெழுத்துப் போடுதேன்." அவளுக்கு அது மாட்டேன் என்று சொல்வதற்கான மரியாதையான வழியாகத் தெரிந்தது, ஏனென்றால் ரெண்டு செங்கல் கனத்தில் அப்பா எழுப்பிய சுவர் தன் காலத்துக்கும் நிற்கும் என்றுதான் நினைத்தாள். அவனும் சரி என்றுவிட்டுப் பாயசத்தைக் குடித்தான்.

சித்திரையில் அவள் சங்கரன்கோவிலுக்கு ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்த நாளில் அவன் ஒரு இன்ஜினியரைக் கூட்டி வந்தான். விற்கிற எண்ணத்தில் அல்ல, கட்டிடத்தின் மதிப்பு என்னவென்று தெரிந்துவைத்துக்கொள்ள. இன்ஜினியர் மேல் மூலையைக் காட்டி, "இதென்ன சார், வேலை முடியாத மாதிரி தெரியுதே" என்று கேட்டுவிட்டார், அந்தக் கேள்வி அவனை சுருக்கென்று குத்திவிட்டது, உடனே ஐகோர்ட்ராஜா கொத்தனாரை வரவழைத்தான். ஐகோர்ட்ராஜா என்பது அந்தப் பக்கத்துச் சாமி பேர், அவர் வாழ்நாளில் கோர்ட் படி மிதித்ததில்லை. அரை மணி நேரத்தில் பூசி மட்டமடித்து அவர் இறங்கினார்.

"முடிஞ்சுதா?" என்று கேட்டான் குற்றாலிங்கம்.

"முடிஞ்சுது சார்" என்றார் அவர்.

கட்டிடம் தன் ஆயுளில் அந்த வார்த்தையைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் ஷட்டர் இல்லை. மேற்குப் பக்கம் செல்போன் கடை வைத்திருக்கிற பீர்முகம்மது சாவியோடு வந்து பார்த்தால், ஷட்டர் இருந்த இடத்தில் ஒன்று முதல் பதினாலு வரை நம்பர் போட்ட பழைய பலகைக் கதவு எண்ணெய் மினுமினுப்போடு நின்றது, அவர் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு முதல் பலகையை எடுத்து ஓரமாகச் சாத்தினார், பதினாலாவது பலகையை எடுப்பதற்குள் கடைக்கு இரண்டு பேர் வந்துவிட்டார்கள். அதற்கு அடுத்த வெள்ளியில் தரை டைல்ஸ் போய் மொசைக் வந்தது, அதற்கு அடுத்ததில் மொசைக் போய் காவி பூசிய சிமெண்ட் தரை வந்தது, நன்றாகக் குளிர்ச்சியாக இருக்கிறது என்று வாடிக்கைக்காரர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். வெளிச்சுவரில் வெள்ளைக்கு அடியிலிருந்து ஒவ்வொன்றாகப் பழைய போர்டுகள் மேலே வந்தன, ஒரு சைக்கிள் கடை, ஒரு போட்டோ ஸ்டுடியோ, ஒரு நாட்டு மருந்துக் கடை, இதில் தன் கல்யாண போட்டோவை எடுத்த ஸ்டுடியோவின் போர்டைப் பார்த்த ஒரு ரிட்டயர்டு டீச்சர் உள்ளே எட்டிப் பார்த்து, பிரிண்டு இன்னும் ரெண்டு வேண்டும் என்று பீர்முகம்மதிடம் சொல்லிவிட்டுப் போனார். அவரும் சரி டீச்சர் என்று ஒரு சீட்டில் எழுதி வைத்துக்கொண்டார்.

வைகாசிக் கடைசியில் மாடி போனது. மாடியில் இ-சேவை மையம் நடத்துகிற ஜெபராஜ் சார் காலையில் படியேறிப் போனபோது, கூரையும் இல்லை சுவரும் இல்லை, கம்ப்யூட்டர் மூன்றும் மொட்டைவெயிலில் வரிசையாக உட்கார்ந்திருந்தன, பின்பக்கத்துக் காலி இடத்தில் ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் செங்கல், அப்போதைய சூளை முத்திரையோடு, லாரியிலிருந்து நேற்று இறக்கிய மாதிரி அடுக்கி இருந்தது. அவர் ஒரு தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்த்தார், ஆதார் கார்டில் பேர் திருத்த வந்தவர்கள் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வரிசையில் நின்றார்கள், வெளிச்சம் நன்றாக இருப்பதால் போட்டோ தெளிவாக விழுகிறது என்று பக்கத்து ஊர்க்காரர்களும் அங்கேயே வர ஆரம்பித்தார்கள். மீட்டர் இருந்த இடம் வெறும் சுவராகிவிட்டதைப் பார்த்த மின்வாரியத்து ரீடிங் எடுப்பவர், சிறிது நேரம் யோசித்துவிட்டு, கார்டில் கதவு பூட்டியிருந்தது என்று எழுதிவிட்டுப் போனார். ஊர் எதற்கும் பழகிவிடும், நல்லதற்குப் பழகுவதை விடச் சீக்கிரமாக மற்றதற்குப் பழகும்.

பழகாதவள் செண்பகவல்லி ஒருத்திதான். வெள்ளிக்கிழமை காலைகளில் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அவள் கட்டிடத்தை மேலிருந்து கீழ்வரை கண்ணால் எண்ணுவாள், இன்றைக்கு எது இல்லையோ என்று. கட்டிடம் வந்த வழியே திரும்பிப் போகிறது, ஐம்பத்தெட்டைத் தாண்டியாயிற்று, இனி முப்பத்தாறு, அதற்கப்புறம் வெறும் மனை. ஷோரூம்காரர்களுக்கு இடிக்கிற வேலை மிச்சம் என்று சந்தோஷம், தம்பிக்குப் போன் மேல் போன். அவன் அக்காவைக் கூப்பிட்டு, கெஞ்சாமலும் மிரட்டாமலும், "நான் ஒண்ணும் கேக்கலக்கா. நீ சொன்ன சொல்லத்தான் ஞாபகப்படுத்துதேன்" என்றான். அவள் சொன்ன சொல்லை மாற்றுகிறவள் இல்லை, அது அவனுக்கும் தெரியும். அதற்குள் வெறும் மனையாகிவிடும் என்று கணக்குப் போட்டு, பதிவுக்கு ஆவணி முதல் வெள்ளிக்கிழமை நாள் குறித்தார்கள், ஆடி குறுக்கே கிடந்ததால் அவளுக்கு ஒரு மாதம் கிடைத்தது.

முதலில் அவள் ஏணி போட்டு ஏறி, மிஞ்சியிருந்த கீழ்ச் சுவரில் ஐம்பத்தெட்டில் அப்பா மூடிய மூலைப் பூச்சை உளியால் தானே கொத்தி எடுத்தாள். செங்கல் தெரிந்தது, ஆனால் வெள்ளிக்கிழமை வந்ததும் ஜன்னல்கள் போய்விட்டன. அவள் முக்காலியில் உட்கார்ந்து ரெண்டு நாள் யோசித்தாள், வந்தவர்கள் பச்சை நூல் கேட்டால் நீலத்தைக் கொடுத்தாள், மூன்றாம் நாள் அவளுக்குப் பிடிபட்டது: உடைத்தது வேறு, விட்டது வேறு. தாத்தா சுவரில் ஓட்டை போடவில்லை, வேலையைப் பாதியில் நிறுத்தினார். அப்படியானால் நிறுத்துவதற்கு முதலில் ஒரு வேலை வேண்டும்.

ஐகோர்ட்ராஜாவைக் கூப்பிட்டாள். அவர் கட்டிடத்தை மேலும் கீழும் பார்த்தார். "போற வீட்டுக்கு மேல யாராவது செவரு வைப்பாவளாக்கா? நான் வைக்கிற செங்கலு எந்த வருசத்துக்குப் போவும்னே தெரியலியே" என்றார்.

"நீரு வைக்க வேண்டாம். எப்படி வைக்கணும்னு சொல்லும், போதும்."

"ஒமக்கு எதுக்குக்கா இந்த வேலை? வயசு என்ன ஆவுது?"

"அம்பத்துநாலு. அதுல இருவத்துநாலு இங்கதான் போயிருக்கு. இது இல்லன்னா நான் எங்க போயி உக்காருவேன், சொல்லும்" என்று கேட்டாள் செண்பகவல்லி, அவர் தூக்குக்குண்டையும் கரண்டியையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

ஆடி முதல் தேதியிலிருந்து அவள் தினமும் காலையில் கடை திறக்கும் முன்னால் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, பின்பக்கத்து அடுக்கிலிருந்து ஐம்பத்தெட்டாம் வருஷத்துச் செங்கல்களைச் சுமந்து மொட்டை மாடிக்கு ஏறி, சாந்து குழைத்து, தெருவைப் பார்த்தாற்போல் ஒரு சுவர் வைக்க ஆரம்பித்தாள், முதல் நாள் வைத்த வரி பாம்பு போல வளைந்தது, அதைப் பிரித்துத் திரும்ப வைத்தாள், கை தோல் உரிந்தது, மஞ்சளைப் பூசிக்கொண்டு அடுத்த நாள் ஏறினாள், ஒவ்வொரு நாளும் வரி முடிய ஒரு செங்கல் இருக்கும்போது கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, கட்டிடத்துக்குக் கேட்கும்படியாக, "இன்னும் வேலை கெடக்கு, மீதி நாளைக்கி" என்று சொல்லிவிட்டு இறங்கினாள். அந்த வெள்ளிக்கிழமை எதுவும் போகவில்லை. அதற்கடுத்த வெள்ளியில் ஒரு ஜன்னல், கம்பி மட்டும், திரும்பி வந்தது. ஜெபராஜ் சார் அதில் தன் துண்டைக் காயப்போட்டார்.

ஊருக்கு அவள் மேல் பிரியம் வந்துவிட்டது. நூல் வாங்க வந்தவர்கள் ஆளுக்கொரு செங்கலைப் படி மேல் வைத்துவிட்டுப் போனார்கள், எதிர் டீக்கடையிலிருந்து சாந்துக்குத் தண்ணீர் வந்தது. பிரியம் வந்தால் ஆலடிப்பேட்டைக்காரர்கள் சும்மா இருக்கமாட்டார்கள், அதுதான் அந்த ஊரிடம் உள்ள சங்கடம்.

ஆடிப் பதினெட்டு அன்றைக்கு அவள் தீபாவளிச் சரக்கு எடுக்க மதுரைக்குப் போயிருந்தாள். அன்றைக்குத் தொட்டது துலங்கும் என்று ஊரே நம்புகிற நாள், பீர்முகம்மதுவும் ஜெபராஜ் சாரும் ஐகோர்ட்ராஜாவும் ஒன்றாகச் சேர்ந்தார்கள், டெய்லர்கள் பன்னிரண்டு பேர் கடையை அடைத்துவிட்டு வந்தார்கள், ஒரு பெண்ணாகப்பட்டவள் ஒற்றைக்கு எத்தனை நாள்தான் செங்கல் சுமப்பாள் என்று ஆளாளுக்குப் பரிதாபப்பட்டு, சாயங்காலத்துக்குள் சுவரை எழுப்பி, பூசி, வெள்ளையடித்து, ஒரு மாலையும் போட்டுவிட்டார்கள். கட்டைப்பைகளோடு பஸ்ஸை விட்டு இறங்கிய செண்பகவல்லியை அத்தனை பேரும் சிரித்த முகமாக எதிர்கொண்டார்கள்.

"முடிச்சுட்டோம்க்கா" என்றார் பீர்முகம்மது.

அவள் சுவரை ஏறிட்டுப் பார்த்தாள். ஒரு செங்கல் விடாமல் நேர்த்தியாக இருந்தது. அவர்களுடைய கைகள் எல்லாம் சுண்ணாம்பில் வெந்திருந்தன, அதைப் பார்த்தபோது அவளுக்குத் திட்டுவதற்கு வாய் வரவில்லை, அழுகைதான் வந்தது, அதையும் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று எடுத்துக்கொண்டு அவர்கள் அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவள் குடித்தாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமை விடிந்தபோது சுவர் இல்லை, மொட்டை மாடி இல்லை, மண்டி இல்லை, காவித் தரை இல்லை. முப்பத்தாறாம் வருஷம் நட்ட வாசக்கால் மட்டும் மஞ்சள் குங்குமத்தோடு வெறும் மனையில் தனியாக நின்றது, அதற்குப் பின்னால் பீர்முகம்மதின் செல்போன்களும், ஜெபராஜ் சாரின் கம்ப்யூட்டர்களும், செண்பகவல்லியின் பட்டன் டப்பாக்களும் தத்தம் இடத்தில் தரையில் இருந்தன. என்ன தப்புச் செய்தோம் என்று அப்போதுதான் அவர்களுக்குப் புரிந்தது. ஐகோர்ட்ராஜா தலையில் அடித்துக்கொண்டார்.

"விடுங்க. கடையத் தொறங்க" என்றாள் செண்பகவல்லி. சுவர் இல்லாவிட்டாலும் எல்லாரும் வாசக்கால் வழியாகத்தான் உள்ளே போனார்கள், வாடிக்கைக்காரர்களும் அப்படியே, நெடிய ஆட்கள் குனிந்து போனார்கள். மிச்ச ஆடி முழுதும் கடை அப்படித்தான் நடந்தது. அவள் கரண்டியை எடுத்து மனையில் செங்கல் வைத்துப் பார்த்தாள், வைத்த செங்கல் மறுநாள் மண்ணாகக் கிடந்தது, பிடித்துக்கொள்ள அங்கே ஒன்றும் மிச்சமில்லை. அந்த நாட்களில் அவளுக்கு உண்மையிலேயே பயமாக இருந்தது.

ஆவணி முதல் வெள்ளிக்கிழமை காலை பத்தரைக்கு அவள் நல்ல சேலையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு பத்திர ஆபீசுக்குப் போனாள். சொல் சொல்தான். குற்றாலிங்கம் ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டான், ஷோரூம்காரர்கள் வணக்கம் சொன்னார்கள், ரிஜிஸ்டரார் அம்மாள் பத்திரத்தை அவள் பக்கம் திருப்பி, "கட்டிடம் எதுவும் இல்லாத காலி மனை, சரிதானே?" என்று கேட்டார்.

"இப்பம் இல்ல" என்றாள் செண்பகவல்லி.

ஆறு பக்கம். அஞ்சு பக்கத்தில் அவள் முழுசாகக் கையெழுத்துப் போட்டாள், அவசரமில்லாமல், ஒவ்வொன்றையும் காயவைத்துத் திருப்பினாள். தம்பியின் முகத்தில் சின்ன வயசில் கதையின் கடைசிக்குக் காத்திருந்த அதே ஆவல் வந்து உட்கார்ந்தது. ஆறாம் பக்கத்தில் பேரைப் பாதி எழுதினாள். அப்போது கை தானாக நின்றது, மாடியில் ஒரு செங்கல் மிச்சம் இருக்கும்போது நிற்குமே, அதே மாதிரி. அவள் கையைப் பார்த்தாள். பிறகு பேனாவை மூடி மேஜை மேல் வைத்தாள்.

"என்னம்மா, முழுசாப் போடுங்க" என்றார் ரிஜிஸ்டரார்.

"போடுதேன். மாட்டேன்னு சொல்லல" என்றாள் செண்பகவல்லி. "இன்னும் வேலை கெடக்கு. மீதி நாளைக்கி."

"அக்கா" என்றான் குற்றாலிங்கம்.

"கையெழுத்துப் போடுதேன்னுதான் சொன்னேன் லிங்கம், போட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒரே நாள்ல முடிச்சுத் தாரேன்னு சொன்னேனா? வாக்கு மாறுனேன்னு நாலு பேரு சொல்லட்டும், கேட்டுக்கிடுதேன்." அவள் எழுந்து, நாற்காலியை இருந்த இடத்தில் தள்ளி வைத்துவிட்டு, வெளியே வந்து பஸ் ஏறினாள். அவனும் என்ன செய்வதென்று தெரியாமல் பின்னாலேயே ஓடி வந்து ஏறிக்கொண்டான், வழி முழுக்க ரெண்டு பேரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து வந்தார்கள்.

தபால் ஆபீசைத் தாண்டியதும் பஸ் நின்றது. வாசக்காலின் இடப்பக்கம் அவர்கள் பார்த்தபோது, காலையில் வெறும் மண்ணாக இருந்த இடத்தில், தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சாந்தில் ஒரு வரி செங்கல் ஓடியிருந்தது, மனையின் ஓரம் வரைக்கும் போய், ஒரு முழம் இருக்கும்போது நின்றிருந்தது. பீர்முகம்மது அதன் மேல் போன் கவர்களை அடுக்கி வைத்து வியாபாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதப் போயி கட்டடம்னு சொல்லுவியா நீ?" என்று கேட்டான் குற்றாலிங்கம். "கணுக்கால் ஒசரம் இல்ல. இது நிக்கிற கணக்காக்கா?"

அவள் பதில் சொல்வதற்கு முன்னால் கண்டக்டர் படியில் தட்டி, வெறும் வாசக்காலையும் ஒரு வரி செங்கலையும் பார்த்தபடியே, வழக்கம்போல, "கொறக்கட்டடம் எறங்கு, கொறக்கட்டடம்" என்று கத்தினார், எட்டுப் பேர் மூட்டை முடிச்சோடு எழுந்து இறங்கினார்கள்.

குற்றாலிங்கமும் இறங்கினான். வரியின் கடைசியில் போய் நின்று அந்த ஒரு முழ இடைவெளியை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான், பிறகு வாட்ச்சைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு, ஐகோர்ட்ராஜா நீட்டிய செங்கலை வாங்கி, குனிந்து, அந்த இடைவெளியில் வைக்கப் போனான். செண்பகவல்லி அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"ஏல, அங்க இல்ல. இதுக்கு மேல, அடுத்த வரியில வை."